வீட்டில் யாக்கிட்டோரி: தாரே சாஸ் கருகாமல் வாட்டுவது எப்படி?

வணக்கம் மக்களே, ஜப்பானில் சமைத்துப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஒசாகாவில் அடுக்குமாடி வீடு, பால்கனியில் கரி மூட்ட அனுமதி இல்லை. கேஸ் அடுப்போடு வரும் மீன் கிரில்லில்தான் யாக்கிட்டோரி (குச்சியில் குத்திச் சுடும் ஜப்பானியக் கோழிக்கறி) வாட்டுகிறேன்.

உப்பு மட்டும் தூவிச் சுட்டால் அருமையாக வருகிறது. தாரே (சோயா சாஸில் செய்யும் இனிப்புக் கலந்த சாஸ்) தடவினால்தான் சிக்கல். சோயா சாஸும் மிரினும் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) சம அளவு, அதில் பாதி சாக்கே (ஜப்பானிய அரிசி மது), கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்டவைக்கிறேன். ஆனால் நெகிமா (கோழிக்கறியும் நெகி என்ற பெரிய வெங்காயத்தாளும் மாறி மாறிக் குத்தியது) குச்சியில் கோழித் தொடைக்கறி உள்ளே வேகும் முன்பே சாஸ் கருகிக் கசக்கிறது. இடையில் குத்திய நெகித் தண்டு வெளியே கறுத்து, கடித்தால் நறுக்கென்று பச்சையாக இருக்கிறது.

கறி முக்கால் பதம் வெந்தபின் தடவினால் போதுமா? கடைகளில் சாஸ் சட்டியில் முக்கி முக்கி எடுப்பார்களே, அந்த மினுமினுப்பு வீட்டு அடுப்பில் வருமா? ஷிஷிதோ மிளகாய், ஷீட்டாக்கே காளானைத் தனிக் குச்சியில் குத்துவதுதான் நல்லதா? ஊறவைத்த மூங்கில் குச்சியும் நுனியில் எரிகிறது, அலுமினியத் தாள் சுற்றலாமா?

அப்புறம், அடுத்த வாரம் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அம்மா மதுவின் வாடையே ஆகாதவர். சாக்கே, மிரின் இரண்டும் இல்லாமல் தாரே செய்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.