பழைய புல்லட்ல பட்டாசு சத்தம், கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போற சின்ன ஓட்டை) சைஸ் சொல்லுங்கப்பா
அண்ணன்மாரே ஒரு ஹெல்ப். நம்மது காஸ்ட் அயர்ன் புல்லட் 350, வலது கால் கியர், மிக்கார்ப் கார்புரேட்டர், வீட்லயே வெச்சு நானே தான் பிரிச்சு மாட்டிட்டு இருக்கேன். ஷார்ட் பாட்டில் சைலன்சர் போட்டதுல இருந்து ஆக்சிலேட்டர விட்டா பட்பட்னு வெடிக்குது, பிளக்க கழட்டிப் பார்த்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு, அப்ப லீன் தானே, அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி? இக்னிஷன் பாயின்ட் (பிளக்ல பொறி வர கரண்ட வெட்டி விடற காண்டாக்ட்) கேப் ஃபீலர் கேஜ் வெச்சு 0.38 மி.மீ. பார்த்தாச்சு, டேப்பெட் (வால்வ் இடைவெளி) ஓகே, சைலன்சர் ஜாயின்ட்லயும் லீக் இல்ல. கார்புரேட்டர் நீடில் கிளிப்ப ஒரு காடி கீழ இறக்கி பெட்ரோல கொஞ்சம் கூட்டுனதுல பாதி த்ராட்டில் வரைக்கும் பரவால்ல, ஆனா ஃபுல்லா முறுக்குனா இழுவையே இல்ல. ஃபுல் த்ராட்டில்ல பெட்ரோல் விடற மெயின் ஜெட்ட 90ல இருந்து எவ்ளோ ஏத்தலாம், ஐட்லிங்ல விடற பைலட் ஜெட்டும் மாத்தணுமா? இதே செட்டப் ஓட்றவங்க நம்பர் சொல்லுங்க. சைலன்சர கழட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க, அத வீட்லயே தினமும் சொல்றாங்க