பனிமூட்டத்துல மேப் வரையுற ஆர்பிஜி: எக்ஸ்பி எதுக்குக் குடுக்கலாம்?

கோத்தகிரி_பனி:
எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிஞ்சு வந்து ராத்திரில தனியா ஒரு ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமா மாறி ஆடுற கேம், பண்ணிட்டு இருக்கேன், ஒன்றரை வருஷம் ஆச்சு. நம்ம நீலகிரிதான் களம், உலகம் அழிஞ்சு நூறு வருஷம் கழிச்சு. கவாத்து பண்ண ஆளில்லாம தேயிலை எல்லாம் மரமா வளந்து நிக்குது, குன்னூர் ரயில் பாதைல பல்சக்கரத் தண்டவாளம் மட்டும் மிச்சம், கீழ சமவெளில என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. நாயகி ஒவ்வொரு ஹட்டியா (மலைக் கிராமமா) போய் பாதை வரைஞ்சு குடுக்குற பொண்ணு.

சிக்கல் எக்ஸ்பிலதான், லெவல் ஏற குடுக்குற அனுபவப் புள்ளி. முதல்ல ஃபால்அவுட் 3 கேம் மாதிரி புது இடம் கண்டுபிடிச்சா எக்ஸ்பின்னு வச்சேன். சித்தி பையன் விளையாடிப் பாத்தான், எல்லா இடத்தையும் ஓரமா தொட்டுட்டு தொட்டுட்டு ஓடுறான், ரெண்டு மணி நேரத்துல லெவல் 9. டேய் அந்த பம்ப் ஹவுஸ் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறான். சரின்னு வரையுற கோட்டுக்கு எக்ஸ்பி மாத்துனேன், பேப்பர் பூரா கிறுக்கி வச்சுட்டான். தப்பு அவன்மேல இல்ல, நான் எதுக்கு கூலி குடுக்குறேனோ அதைத்தான அவன் செய்யுறான். வேற எப்படி பண்றதுன்னு சொல்லுங்க.

டன்ஜன்_தாத்தா:
தம்பி, 2007ல நின்டெண்டோ டிஎஸ்ல (ரெண்டு ஸ்கிரீன் உள்ள கைக் கேம் கருவி) வந்த எட்ரியன் ஒடிஸி முதல் பாகம் கெடச்சா ஆடிப் பாருங்க. கீழ் ஸ்கிரீன்ல ஸ்டைலஸ் வச்சு சுவரு, கதவு, பொறி எல்லாம் நாமளே போடணும், வரைஞ்சதுக்குன்னு ஒத்த எக்ஸ்பி கெடையாது, ஆனா வரையாம போனா திரும்பி வர வழி தெரியாம சாவோம், அதுவே போதும். அண்டர்ரெயில்னு இன்னொரு கேம் ஆரம்பிக்கும்போது ஆடிட்டின்னு ஒரு முறைய தேர்ந்தெடுக்கலாம், அதுல கொன்னா எக்ஸ்பி இல்ல, அபூர்வப் பொருள் தேடி எடுத்தாத்தான், ஒரே பொருள இத்தன தடவைக்கு மேல எண்ணவும் மாட்டாங்க. உங்க கிறுக்கலுக்கு அந்த உச்சவரம்பு ஒண்ணே மருந்து.

முக்கோணம்:
மேல சொன்னது சரி, ஆனா நான் வேற ஒண்ணு சொல்றேன் ப்ரோ, கொஞ்சம் நீளமா போகும். 2012ல மியாஸ்மாட்டான்னு ஒரு கேம், அண்ணன் தம்பி ரெண்டு பேர் செஞ்சது. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியணும்னா ஏற்கனவே தெரிஞ்ச ரெண்டு அடையாளத்த கண்ணால பாக்கணும், அதுலேர்ந்து மேப்புல போடுற கோடு ரெண்டும் வெட்டுற இடம் நீங்க. கோடநாடு வியூ பாயிண்ட்ல நின்னா ரங்கசாமி தூண் பாறை தெரியும்ல, அது ஒண்ணு, தொட்டபெட்டா 2,637 மீட்டர் உசரம் அது இன்னொண்ணு. மதியம் பனி ஏறிட்டா ரெண்டும் போச்சு, அதனால காலைலயே அளந்து முடிக்கணும்னு வானிலையே அவசரத்த குடுத்துரும்.

இப்ப எக்ஸ்பிக்கு வரேன். பிரிட்டிஷ் காலத்துல இந்தியாவ அளக்க ஆரம்பிச்ச லாம்ப்டன் 1802ல பரங்கிமலை பக்கம் ஏழரை மைல் நிலத்த சங்கிலி போட்டு அளந்தாரு, அதுக்கப்புறம் பூரா கோணக் கணக்குதான். ஆனா அதோட விடல. பெங்களூர் பக்கம் போய் இன்னொரு கோட்ட தரைல அளந்து, கணக்குல வந்த நீளத்தோட ஒப்பிட்டுப் பாத்தாரு, சில அங்குலம்தான் வித்தியாசம். உங்க எக்ஸ்பி அந்த எடத்துல வரணும். பாத்ததுக்கு வேணாம், வரைஞ்சதுக்கும் வேணாம், வரைஞ்சத நம்பி திரும்ப நடந்து அது சரின்னு தெரிஞ்சா குடுங்க. தப்பா வரைஞ்சா கேம் திருத்தவே கூடாது, பிளேயரே போய் முட்டிக்கட்டும். 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல மேல ஏத்தும்போது அவரோட தியோடலைட் (கோணம் அளக்குற கருவி) சுவத்துல மோதி நெளிஞ்சுபோச்சு, அவரே உக்காந்து தட்டித் தட்டி சரி பண்ணாரு. உங்க நாயகி கைல இருக்குற கருவியும் கீழ விழுந்தா அன்னிலேர்ந்து எல்லா கோணமும் கொஞ்சம் விலகட்டும்.

பூம்பாறை_பூண்டு:
நான் கொடைக்கானல் பக்கம்ங்க. முக்கோணம் சொல்றது கண்ணு தெரியுறப்ப சரி. எங்க தாத்தாவோட பூண்டு காட்டுலேர்ந்து திரும்பும்போது ஒருநாள் பனி இறங்கிருச்சு, நீட்டுன கை தெரியல. அவரு நின்னாரு, பேச வேணாம்னு சொல்லிட்டு காது குடுத்தாரு, ஓடை சத்தம் இடது பக்கம் வர்ற வரைக்கும் என்னையும் சேத்து மெதுவா திருப்புனாரு, அப்புறம்தான் நடந்தோம். காலுக்குக் கீழ சருகு மாறுனதும் தைலமரக்காடு முடிஞ்சுதுன்னாரு. வழி பிரியுற எடத்துல கல்லு மேல கல்லு, அது அவரு வச்சது. உங்க மேப்புல சத்தத்தையும் வாசத்தையும் குறிக்க ஒரு வழி வைங்க அண்ணா. இன்னொண்ணு, அந்தப் பொண்ணு குடுத்த மேப்ப எடுத்துட்டு வேற ஒருத்தர் போய் பத்திரமா திரும்புனாலும் எக்ஸ்பி குடுங்க. திரும்பலன்னா அந்த வீட்டுக்கு அவ போய் சொல்லணும்.

கோத்தகிரி_பனி:
அக்கா, அந்தக் கடைசி வரிய படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அது கண்டிப்பா உள்ள வருது.

முக்கோணம் ப்ரோ சொன்னபடி ரெண்டு ராத்திரி உக்காந்து மாத்திட்டேன், போன பாதைலயே தன் மேப்ப மட்டும் வச்சு திரும்பி வந்தா எக்ஸ்பி. ஊட்டிலேர்ந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி ரோட்ட எடுத்துக்கிட்டேன், கொண்டை ஊசி வளைவு நம்பர் போர்டுதான் அடையாளம். சித்தி பையன் பனில இறங்கிட்டு இருந்தவன் 18ன்னு ஒரு போர்ட பாத்து நின்னுட்டான், அவன் மேப்புல அது 17. ஒரு வளைவ விட்டிருக்கான். யாரும் சொல்லாமயே திரும்ப ஏறிப் போய் தேடுனான், நான் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தேன்.

சத்தம் குறிக்குறது கேமோட அடுத்த பில்டுல (பதிப்புல). 36 போர்டுல எத்தன துருப்பிடிச்சு அழிஞ்சிருக்கணும்? பத்து வச்சிருக்கேன், அதிகமா தோணுதா?