1976ல் அயோவாவில் கார்ட்டர் ஜெயித்தாரா, இல்லையா?

கரிசல்காடு:
நேற்று வேறொரு இழையில் ஆற்றங்கரை இப்படி எழுதியிருந்தார்: “ஒவ்வொரு கட்சியும் மாநிலம் மாநிலமாக நடத்தும் அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் அயோவா, நியூ ஹாம்ஷயர் முதலில் வாக்களிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. எல்லாம் ஊடகங்கள் ஊதிப் பெருக்கியது.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2020ல் ஜனநாயகக் கட்சியில் வேட்பாளரை முடிவு செய்ய மாநிலங்களின் வாக்கு மூலம் தேர்வாகும் பிரதிநிதிகள் 3,979 பேர், அதில் அயோவாவுக்கு 41தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது எண்ணிக்கைக் கணக்கு இல்லை. முதல் மாநிலத்தில் பெயர் அடிபட்டால்தான் மறுநாள் பணம் வரும், செய்தி வரும், ஆள் வருவார்கள். ஜார்ஜியா மாநிலத்துக்கு வெளியே பெயரே தெரியாத கடலை விவசாயி ஜிம்மி கார்ட்டர், 1976ல் அயோவாவில் ஜெயித்துத்தான் அதிபரானார்.

ஆற்றங்கரை:
கார்ட்டர் அயோவாவில் ஜெயிக்கவில்லை. அங்கே முதலிடம் “இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லை” என்ற கூட்டத்துக்கு, சுமார் 37 விழுக்காடு. கார்ட்டருக்கு 28 கூடத் தேறவில்லை. அடிப்படையே தப்பு.

கரிசல்காடு:
பெயருள்ள வேட்பாளர்களில் முதலிடம் யார்? கார்ட்டர். அடுத்து வந்த செனட்டர் பர்ச் பே என்பவரைப் போல இரண்டு மடங்கு. அதற்குப் பெயர் வெற்றி இல்லாமல் என்ன?

ஆற்றங்கரை:
37 பெரிதா, 28 பெரிதா?

மழைக்குருவி:
இரண்டு பேரும் 1976லேயே நிற்கிறீர்கள். 1992ல் கிளின்டன் அயோவாவிலும் தோற்றார், நியூ ஹாம்ஷயரிலும் தோற்றார். ஆனாலும் வேட்பாளரானார். அதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணா?

கரிசல்காடு:
தங்கச்சி, அயோவா அந்த வருடம் போட்டியிட்ட டாம் ஹார்கினின் சொந்த மாநிலம், மற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. நியூ ஹாம்ஷயரில் அடுக்கடுக்கான புகார்களுக்கு நடுவே இரண்டாம் இடம் பிடித்ததுதான் கிளின்டனைக் காப்பாற்றியது. எதிர்பார்த்ததைவிட மேலே வந்தாரா என்பதே கேள்வி. நியூயார்க் முன்னாள் மேயர் ஜூலியானியைப் பாருங்கள். 2007 முழுக்கக் குடியரசுக் கட்சிக் கருத்துக்கணிப்புகளில் முன்னணி. முதல் மாநிலங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் புளோரிடாவை நம்பி உட்கார்ந்தார். 2008 ஜனவரி 29ல் அங்கே மூன்றாமிடம், மறுநாளே விலகல்.

ஆற்றங்கரை:
அப்படியானால் முதலிடமும் வெற்றி, இரண்டாமிடமும் வெற்றி, “யாருமில்லை” என்பதற்குப் பின்னால் வந்தாலும் வெற்றி. உங்கள் அகராதியில் தோற்பது எப்படி ஐயா? 2020ல் பைடன் அயோவாவில் நாலாமிடம், நியூ ஹாம்ஷயரில் ஐந்தாமிடம். அதுவும் வெற்றியா?

கரிசல்காடு:
அவரைத் தூக்கி நிறுத்தியது எது? பிப்ரவரி 29, தென் கரோலினா. அதுவும் முதல் நான்கு மாநிலங்களில் ஒன்றுதான்! அந்த மாநில காங்கிரஸ் உறுப்பினர் கிளைபர்னின் ஆதரவு, கறுப்பின மக்களின் வாக்கு, ஏறக்குறைய பாதி வாக்குகள். மூன்றே நாளில், பல மாநிலங்கள் ஒன்றாக வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய். அதற்குள் போட்டியாளர்கள் புட்டிஜெஜும் குளோபுச்சாரும் விலகிவிட்டார்கள். தென் கரோலினா ஜூன் மாதம் வாக்களித்திருந்தால் பைடன் கதை பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். 2024க்கு ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைக்க முடிவெடுத்ததும் நியூ ஹாம்ஷயர் கேட்டதா? முதல் பிரைமரி (வேட்பாளரைத் தேர்வு செய்யும் வாக்குப்பதிவு) தங்களுடையதுதான் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள், ஜனவரி 23லேயே நடத்தினார்கள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒரு மாநிலம் இப்படி மல்லுக்கட்டுமா?

பனைமரம்:
அது ஹாம்ப்ஷயர். ‘ப்’ விட்டுப்போகிறது. இழை முழுக்க இதே பிழை.

கரிசல்காடு:
உச்சரிப்பில் அந்த ஒலி தேய்ந்துவிடும். சொல்ல வேறு விஷயம் இருந்தால் சொல்லுங்கள்.

பனைமரம்:
இருக்கிறது. 2016ல் அயோவாவில் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ் ஜெயித்த இரவே “இனி இவர்தான் வேட்பாளர்” என்று இங்கே எழுதியவர் நீங்கள். வந்தது டிரம்ப். முன்பு 2008ல் ஹக்கபி, 2012ல் சாண்டோரம், அவர்களும் அயோவாவில் ஜெயித்தவர்கள்தான். மறந்துவிட்டீர்களா?

கரிசல்காடு:
“வாய்ப்பு அதிகம்” என்றுதான் எழுதினேன். அடுத்த வாரமே நியூ ஹாம்ஷயரில் டிரம்ப் ஜெயித்தார், அதுவும் முதல் மாநிலங்களில் ஒன்றுதான். பழைய பகையை இங்கே இழுக்காதீர்கள்.

மழைக்குருவி:
கட்சிக்காரர்கள் கூட்டம் கூடி முடிவெடுக்கும் காகஸும் பிரைமரியும் ஒன்றா என்பதையே யாரும் பேசவில்லை. அயோவாவில் 2020 வரை இரண்டு கட்சியிலும் காகஸ்தான், குளிர்கால இரவில் நேரில் போய்க் கூட வேண்டியிருந்தது. எத்தனை பேரால் முடியும்?

ஆற்றங்கரை:
அதை அப்புறம் பேசலாம் தங்கச்சி. முதலில் அவர் பதில் சொல்லட்டும். 37 பெரிதா, 28 பெரிதா?

கரிசல்காடு:
எத்தனை முறை சொல்வது? “யாரையும் முடிவு செய்யவில்லை” என்பவர் வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை. கார்ட்டர் போனார்.

ஆற்றங்கரை:
நான் கேட்டது வெள்ளை மாளிகையை இல்லை, அயோவாவை.

பனைமரம்:
2016 இழையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் இங்கே ஒட்டுகிறேன்.