சவுண்ட்ஸ்கேப்: ஒலிச்சூழலா, ஒலித்திணையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மறதிநோய் உள்ளவர்கள் தங்கும் பராமரிப்பு இல்லங்களுக்காக நாம் தமிழாக்கும் கையேட்டில் 'சவுண்ட்ஸ்கேப்' (soundscape, ஓரிடத்தின் ஒலிகளை மனிதர் உணரும் விதம்) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதற்குத் தமிழில் 'ஒலிச்சூழல்' போதும் என்று முந்தைய மடல்களில் பலரும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை.

ஓர் அறையில் மழைச்சத்தத்தை மெல்ல ஒலிக்கவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ ஜன்னலைச் சாத்த வேண்டும், துணி நனைகிறது என்று எழுந்து தவிக்கிறார். டெசிபல் மீட்டரில் இருவருக்கும் ஒரே எண்தான். ஒலிச்சூழல் ஒன்று, கேட்டவை இரண்டு. 2014இல் வந்த ஐஎஸ்ஓ 12913 என்ற பன்னாட்டுத் தரநிலையின் முதல் பகுதி இந்த வேறுபாட்டைத்தான் வரையறுக்கிறது. ஓரிடத்தில் உள்ள ஒலிகளின் தொகுப்பு வேறு, அதை மனிதர் ஒரு சூழமைவில், அதாவது தாம் இருக்கும் இடம், நேரம் போன்ற பின்னணியில், உணர்ந்து புரிந்துகொள்ளும் விதம் வேறு. பின்னதுதான் சவுண்ட்ஸ்கேப். முன்னதற்கு 'ஒலிச்சூழல்' கச்சிதமான சொல், அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. தள்ளுவண்டியின் கடகடப்பு, யாரும் பார்க்காமல் ஓடும் டிவி, அழைப்பு மணி எல்லாம் நமக்குப் பின்னணி. ஒலி எங்கிருந்து, எதற்காக வருகிறது என்று பிரித்தறிய முடியாதவரை ஒவ்வொன்றும் திடுக்கிட வைக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் அடக்கிவிட்டாலும் சரிவராது. ஓசையே இல்லாத அறையில் தனியே விடப்பட்டோம் என்ற பயம் வரலாம். பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒலிகளை வடிவமைத்தபோது, இருப்பவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறதா என்பதை மையக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஒலியைச் சேர்ப்பதும் நீக்குவதும் கேட்பவரைப் பொறுத்தது. சொல்லிலும் அந்தக் கேட்பவர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'ஒலிநிலக்காட்சி' வேண்டாம். காட்சி கண்ணுக்கு உரியது. 'ஒலிப்பரப்பு' என்றால் ஒரு ப் விட்டுப்போனதும் வானொலி ஆகிவிடும்.

என் பரிந்துரை: ஒலித்திணை.

திணை என்றால் நிலம் மட்டும் இல்லை. முதற்பொருளில் இடமும் பொழுதும் உண்டு. கருப்பொருளில் பறவையும் பறையும் யாழும் உண்டு, அதாவது அந்த இடத்தின் ஒலிகள். உரிப்பொருள் மனிதரின் உணர்வு. தரநிலையின் வரையறையில் வரும் சூழமைவு, ஒலி, உணர்தல் மூன்றும் நம் கையில் ஏற்கெனவே ஒரே சொல்லாக இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமாக ஒரு கலைச்சொல் நமக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

பொழுது இங்கே மிக முக்கியம். மறதிநோய் உள்ள பலருக்கு நாள் சாயும் நேரத்தில் பதற்றம் கூடுகிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவருகே நிற்கிறார்கள். முல்லைத் திணையின் சிறுபொழுது மாலை, உரிப்பொருள் காத்திருத்தல். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. (இந்த நிலைக்குக் கையேட்டில் 'சன்டவுனிங்' என்று இருக்கிறது. 'மாலைக் கலக்கம்' என்று வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தனி மடலாக எழுதுங்கள்.)

'திணை இலக்கணச் சொல், பராமரிப்பாளர் நாவில் வராது' என்ற மறுப்பு நியாயமானதே. அதனால் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன்: 'மூன்றாம் அறை ஒலிச்சூழல்: டிவி, தள்ளுவண்டி. ஒலித்திணை: காலையில் அமைதி, மாலையில் அச்சம். டிவியை நிறுத்தியதும் உட்கார்ந்தார்.' இரண்டாவது வரியை 'ஒலிச்சூழல்' என்று எழுதினால் யாருடைய அச்சம் என்பதே மறைந்துபோகிறது.

பராமரிப்புப் பணியில் இருப்பவர்கள் இந்த மூன்று வரிகளையும் சக ஊழியரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டிவிட்டு, எங்கே தடுக்கிற்று என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.