சர்வர் சைபர்ஜெயாவில்தான் இருக்க வேண்டுமா?

செந்தூல்வாசி:
நேற்று சங்கக் கூட்டத்தில் ஒருவர், வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளத்துக்கு நம்பகமான ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வேண்டுமானால் சிங்கப்பூர்தான் என்று அடித்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எரிச்சல் தாங்கவில்லை. கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே சைபர்ஜெயாவில் சர்வர்களை வைக்கும் டேட்டா சென்டர்கள் இருக்கும்போது நம் தளம் ஏன் ஜோகூர் பாலத்தைத் தாண்ட வேண்டும்? சர்வர் உள்ளூரில் இருந்தால் பக்கம் சட்டென்று திறக்கும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

பினாங்குக்காரன்:
விவாதிக்க ஒன்றுமில்லை என்பவர் இங்கே எதற்கு எழுதுகிறார்? கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய்த் திரும்ப 3 மில்லிநொடி. கேபிள் வளைந்து போகிறது, நடுவில் கருவிகள் இருக்கின்றன, சரி, பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சங்கத் தளம் திறக்க நான்கு நொடி எடுக்கிறதே, மிச்சம் எங்கே போனது?

செந்தூல்வாசி:
3 மில்லிநொடி என்றாலும் தாமதம் தாமதம்தான். உள்ளூர் உள்ளூர்தான்.

பினாங்குக்காரன்:
ஜார்ஜ் டவுனிலிருந்து சைபர்ஜெயாவும் அதே 300 கிலோமீட்டர்தான், ஐயா. அப்படியானால் பினாங்கில் இருப்பவர்களுக்கு உங்கள் உள்ளூர் வெளியூரா? மலேசியா செந்தூலோடு முடிந்துவிடவில்லை.

கிள்ளான் தம்பி:
அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். 10 ரிங்கிட்டுக்கு "வரம்பற்ற இடம்" என்கிறார்களே, வாங்கலாமா?

பினாங்குக்காரன்:
தம்பி, இடத்துக்கு வரம்பு இருக்காது. கோப்புகளின் எண்ணிக்கைக்கு இருக்கும். விதிமுறைப் பக்கத்தின் அடியில் "ஐநோடு" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வேர்ட்பிரஸ் ஒரு படத்தைப் பல அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்ளும். கேமராவில் எடுத்த பெரிய படமென்றால் ஒன்று எட்டாகும். தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்களை ஆல்பம் ஆல்பமாக ஏற்றிப் பாருங்கள், தெரியும். 99.9 சதவீதம் தளம் உயிரோடு இருக்கும் என்ற வாக்குறுதியையும் நம்பிவிடாதீர்கள். வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் படுத்துக் கிடந்தாலும் அவர்கள் சொன்னது பொய்யாகாது. அது தைப்பூசத்தன்று காலையாகவும் இருக்கலாம். வேர்ட்பிரஸை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பி எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 7.4-க்கு 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. இன்னமும் அதையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேக்கப்பை அதே கணினியில் வைத்திருந்தால் அது பேக்கப்பே இல்லை. இவ்வளவு இருக்க, இங்கே ஒருவர் 3 மில்லிநொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்.

செந்தூல்வாசி:
அழவில்லை. பதில் கேட்கிறேன். 3 பெரிதா, பூஜ்யம் பெரிதா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
ஊர்ப் பெருமையை நிறுத்துங்கள். எங்கள் மன்றத் தளத்தை ஓர் உள்ளூர் நிறுவனம் வேறு சர்வருக்கு மாற்றியது. மறுநாள் தமிழ் முழுவதும் கேள்விக்குறி. ஓர் இரங்கல் செய்தியில் பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, தேதி மட்டும் பிழைத்திருந்தது. புகார் டிக்கெட் போட்டால், "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில். அந்த நிறுவனத்தை எங்களுக்குச் சிபாரிசு செய்த மகான் இதே இடத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

செந்தூல்வாசி:
அக்கா, அது தளத்தின் எழுத்தையெல்லாம் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் எழுத்துக்குறிச் சிக்கல். சிங்கப்பூரில் வைத்திருந்தால் மட்டும் வராமல் இருந்திருக்குமா?

பினாங்குக்காரன்:
ஆக, ஊருக்கும் சிக்கலுக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்? 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை மைஎஸ்க்யூஎல் தானாகத் தேர்ந்தெடுத்தது லத்தீன் எழுத்துக்குறியைத்தான். மாற்றுகிறவன் கவனிக்காவிட்டால் தமிழ் தொலையும்.

செந்தூல்வாசி:
என் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள். வேகத்தைப் பற்றித்தான் பேசினேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
கமிஷனைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமே.

செந்தூல்வாசி:
யார் கமிஷன் வாங்கியது? ஆதாரம் காட்டுங்கள். பினாங்கு ஐயா மட்டும் சும்மாவா சிங்கப்பூருக்குக் கொடி பிடிக்கிறார்?

பினாங்குக்காரன்:
சிங்கப்பூர் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே தளத்தை ஏற்றுவோம், ஒரே பிளகின்கள் (துணை நிரல்கள்), இரவு எட்டு மணிக்கு அளப்போம். செலவு என்னுடையது. வருகிறீர்களா?

செந்தூல்வாசி:
அளப்பதும் நீங்கள், முடிவு எழுதுவதும் நீங்கள். எனக்கு வேலை இருக்கிறது.

கிள்ளான் தம்பி:
அண்ணன்மார்களே, நான் வாங்கிவிட்டேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்றார்கள்.

பினாங்குக்காரன்:
புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பார்த்தீர்களா, தம்பி?

செந்தூல்வாசி:
அதை விடுங்கள். சர்வர் எங்கே இருக்கிறது, தம்பி?