மருத்துவபீடம் கிடைத்துவிட்டது, எத்தனை ஆண்டுக்குக் காசு சேர்க்க வேண்டும்? உங்கள் அனுபவங்கள்

பருத்தித்துறையிலிருந்து, அரச மருத்துவர் ஒருவர்:

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகி ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்துவிட்டால், "இனி என்ன, படிப்பு இலவசம்தானே" என்று சொல்லாத உறவினர் இல்லை. கட்டணம் இல்லை என்பது உண்மை. கூலி வேலை செய்பவரின் மகளும் இந்த நாட்டில் வைத்தியராவது அதனால்தான். ஆனால் பெற்றோரின் கணக்கு ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. எனக்குப் பயம் அங்கேதான்.

நான் இறுதிப் பரீட்சை எழுதியதும் மீட்டுவிடலாம் என்று நம்பித்தான் அம்மாவின் தாலிக்கொடியை அப்பா வங்கியில் அடகு வைத்தார். பரீட்சை முடிந்தது, உள்ளகப் பயிற்சி நியமனம் வரவில்லை. எல்லா மருத்துவபீடங்களின் பெறுபேறுகளையும் சேர்த்துத் தரவரிசை போட்ட பின்னரே நியமனம். அதுவரை மகாபொல உதவித்தொகையும் இல்லை, சம்பளமும் இல்லை. நெல்லியடியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் ரியூசன் கொடுத்து வட்டியைக் கட்டினேன். பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், மகப்பேற்றில் ஆறு மாதம். அதற்குப் பிறகு அடுத்த நியமனத்துக்கு இன்னொரு காத்திருப்பு. தாலிக்கொடி வீடு வந்தது அதன் பின்னர்தான்.

நிபுணராக விரும்பினால் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, அதன் பின் பல ஆண்டுப் பயிற்சி, எம்.டி. எனும் நிபுணத்துவப் பட்டப் பரீட்சை, பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு. பலருக்கு அதற்குள் முப்பத்தைந்து வயது நெருங்கிவிடும். சம்பளம் வரும்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் குடும்பமும் கொழும்பில் வாடகை அறையுமாக அது கரைந்துவிடும். "பிள்ளைக்கு எப்போது கலியாணம்?" என்று வாசலிலேயே கேட்பவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து, ஒரு தந்தை:

என் மகனுக்கு வெட்டுப்புள்ளி சிறிய வித்தியாசத்தில் தவறியது. அதே பெறுபேற்றைக் கிளிநொச்சி மாவட்டத்தில் பெற்றிருந்தால் இடம் கிடைத்திருக்கும். மாவட்ட ஒதுக்கீடு அப்படி. அதில் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பளையிலிருந்த தென்னங்காணியை விற்று அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினோம்.

முகவர் தந்த தாளில் கட்டணம், விடுதி, விமான டிக்கெட் எல்லாம் டொலரில் இருந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. அதே கட்டணத்தைக் கட்ட ஏறக்குறைய இரட்டிப்பு ரூபாய் தேவைப்பட்டது. கனடாவில் இருக்கும் என் மைத்துனர் கைகொடுத்திராவிட்டால் மகன் பாதியில் திரும்பியிருப்பான்.

அந்தத் தாளில் இல்லாத இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவர் இங்கே வைத்தியராக வேண்டுமானால் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்குப் படிக்கும் காலத்திலும் வீட்டுச் சோறுதான். உள்ளகப் பயிற்சி அதற்குப் பின்னர். ஆகவே காசு கட்டுவதற்கு முன்னர், அந்தப் பல்கலைக்கழகத்தை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று நீங்களே நேரடியாகக் கேட்டு அறியுங்கள். முகவரின் வாய்ப்பேச்சை நம்பி ஒரு பரப்புக் காணியைக்கூட விற்காதீர்கள்.

கொக்குவிலிலிருந்து, மூன்றாம் ஆண்டு மாணவி:

பருத்தித்துறை வைத்தியர் அக்கா சொன்ன காத்திருப்புக் காலத்தை நாங்கள் இப்போதே கணக்கில் எடுத்திருக்கிறோம். பெரியப்பா மாதாமாதம் அனுப்புவதில் ஒரு பங்கை அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்க்கிறார். எனது இறுதிப் பரீட்சைக்குப் பிறகுதான் எடுப்பது என்று முடிவு. தம்பி அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறான், அவனுடைய ரியூசன் காசு இதில் கலக்காது.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: முதலாம் ஆண்டில் தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் புதிதாக வாங்கிக் குவிக்காதீர்கள். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வரும் எங்களுக்கு அவற்றை வாசிக்கப் பழகவே சில மாதங்கள் வேண்டும். உடற்கூற்றியல் புத்தகமும் எலும்புகளும் மூத்த மாணவர்களிடம் கேட்டால் கிடைக்கும். என்னிடம் இருப்பவற்றை இம்முறை வரும் யாருக்காவது கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.