அக்காவுடன் இரண்டு நாள் பயணம்: ரவென்னாவில் இரவு தங்க வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். வரும் அக்டோபரில் என் அக்கா மதுரையிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இத்தாலியில் ஓர் ஊரையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பொலோன்யா வரை சென்று, அங்கிருந்து இரண்டு நாள் செலவிடலாம் என்று இருக்கிறோம். முதலில் புளோரன்ஸ் என்றுதான் எண்ணினோம். ஆனால் அக்காவுக்கு மூட்டுவலி உண்டு. அங்கே பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள் என்று படித்ததும், ஏறாமல் கீழே நின்றே பார்த்துத் திரும்பினால் அவருக்கு மனக்குறையாகிவிடுமே என்று யோசிக்கிறேன். சமதளத்தில் அமைந்த, சிறு சிறு வண்ணச் சில்லுகளைச் சுவரில் பதித்துச் செய்த பழைய மொசைக் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ரவென்னா அவருக்குப் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா, இரவு தங்க வேண்டுமா? நேரம் போதாவிட்டால் எதை விடலாம்? நாங்கள் இருவரும் சைவம்.

பதில் 1

வணக்கம். தயங்காமல் ஓர் இரவு தங்குங்கள். நானும் என் அண்ணனும் முதல் முறை ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினோம். இரயிலில் திரும்பும்போது எந்த ஓவியம் எந்தக் கோயிலில் இருந்தது என்பதே எங்களுக்குக் குழம்பிவிட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் போய், நிதானமாகப் பார்த்த பிறகுதான் அந்த ஊர் எங்களுக்குப் பிடிபட்டது.

கி.பி. 402-இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் இங்கே மாற்றப்பட்டது. சுற்றிலும் சதுப்பு நிலமாக இருந்ததால் பகைவர் எளிதில் நெருங்க முடியாது என்பது முக்கியமான காரணம். பின்னர் கோத் இன அரசர் தியோடரிக்கும், 540-க்குப் பிறகு கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியர்களும் ஆண்டனர். இந்த மூன்று காலத்துக் கட்டடங்களும் நடந்து போகும் தொலைவுக்குள் இருப்பதுதான் உங்கள் அக்காவுக்குக் கிடைக்கப்போகும் வசதி.

முதலில் ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் கல்லறை மண்டபத்துக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம்தான். உள்ளே நுழைந்ததும் சில நொடிகள் எதுவும் தெரியாது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கற்பலகைகள் பதிக்கப்பட்டிருப்பதால், தேன் நிறத்தில் ஒளி கசிந்து வரும். கண் பழகப் பழக, தலைக்கு மேலே ஆழ்ந்த நீல வானமும் பொன் விண்மீன்களும் மெல்லத் துலங்கும். அங்கே ஐந்து நிமிடம்தான் நிற்க விடுவார்கள். ஆகவே படம் எடுப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம் என்று அக்காவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அதே வளாகத்தில்தான் 547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட எண்கோண வடிவச் சான் விட்டாலே ஆலயம் இருக்கிறது. பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் தத்தம் பரிவாரத்துடன் எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கிறார்கள். ஓவியம் கற்பித்தவருக்கு இங்கே பார்க்க ஒரு நுட்பம் உண்டு. பொற்சில்லு ஒவ்வொன்றும் இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே மெல்லிய தங்கத் தகட்டை வைத்துச் செய்யப்பட்டது. அவற்றை ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் இரண்டடி நகர்ந்தாலும் சுவரின் ஒளி மாறுகிறது. சிறிய தொலைநோக்கி ஒன்று எடுத்துச் செல்லுங்கள்; தியோடோராவின் மேலாடை விளிம்பில் குழந்தை இயேசுவுக்குப் பரிசு ஏந்தி நடக்கும் மூன்று ஞானியரின் உருவங்களை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

சாந்தபொல்லினாரே நுவோவோ ஆலயத்தில் அரண்மனைக் காட்சியை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். தூண்களுக்கு இடையே தியோடரிக்கும் அவருடைய அவையினரும் நின்றிருந்ததாகக் கருதப்படுகிறது. ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பின்பற்றிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்களின் உருவங்களைப் பிற்காலத்தவர் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் சில கைகள் அப்படியே விடுபட்டுப் போயின. திரைக்கு வெளியே நீண்டிருக்கும் அந்த விரல்களை நான் இன்றும் மறக்கவில்லை.

பதில் 2

முன்னவர் சொன்னவற்றோடு நடைமுறைச் செய்திகள் சில. பொலோன்யாவிலிருந்து வட்டார இரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். நான் மறந்துபோய் அபராதம் கட்டியிருக்கிறேன். மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ள ஐந்து இடங்களுக்குப் பொதுச் சீட்டு உண்டு. அவற்றுள் கல்லா பிளாசிடியா மண்டபத்துக்கும் நியோனிய ஞானஸ்நான மண்டபத்துக்கும் நேரத்தைக் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது நல்லது. அக்கா சேலையில் வந்தால் எந்தத் தடையும் இல்லை.

உணவில் கவனம் தேவை. இப்பகுதியின் பியாதினா நம் சப்பாத்தியைப் போல இருப்பதால் சைவம் என்று நம்பி வாங்கிவிடுவோம். ஆனால் மரபுப்படி அந்த மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கிறார்கள். "ஸென்ஸா ஸ்த்ருத்தோ" என்று கேட்டால், ஆலிவ் எண்ணெயில் பிசைந்தது இருக்கும் கடைகளில் அதைத் தருவார்கள். உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்னும் மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துக் கேளுங்கள்.

பதில் 3

எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தியோடரிக்கின் கல்லறையை வேண்டுமானால் விடலாம். சுமார் 10 மீட்டர் விட்டமுள்ள ஒரே கல்லால் ஆன அதன் கூரை வியப்புக்குரியது என்றாலும், அதை வெளியில் நின்றே பார்க்க முடியும். மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். ஆனால் ஊருக்கு வெளியே கிளாசேயில் இருக்கும் இன்னொரு சாந்தபொல்லினாரே ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். ரிமினி செல்லும் பாதையில் அடுத்த நிலையம் அதுதான். பீடத்துக்கு மேலே பச்சைப் புல்வெளி, மரங்கள், பறவைகள், வரிசையாகச் செம்மறியாடுகள். அவற்றுக்கு மேல் 99 விண்மீன்கள் சூழ்ந்த சிலுவை. இயற்கைக் காட்சி வரையக் கற்றுக்கொடுத்தவர் அதன் முன்னால் நெடுநேரம் நிற்பார்.

மாலையில் தாந்தேயின் கல்லறைக்குப் போங்கள். புளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட அந்தக் கவிஞர் 1321-இல் இங்கேதான் இறந்தார். பிற்பாடு புளோரன்ஸ் அவருடைய எலும்புகளைக் கேட்டபோது பிரான்சிஸ்கன் துறவிகள் அவற்றை ஒளித்துவைத்தனர். 1865-இல்தான் அவை மீண்டும் கிடைத்தன. இப்போது கல்லறை விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புவது அதே புளோரன்ஸ்தான். பக்கத்துச் சான் பிரான்செஸ்கோ ஆலயத்தின் நிலவறையில், தரை தாழ்ந்ததால் ஊறிய தண்ணீர் நிற்கிறது. அதில் பொன்மீன்கள் நீந்துகின்றன. நாணயம் போட்டால் விளக்கு எரியும், ஆகவே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொலைபேசியில் இவை அனைத்தையும் அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். திரைச்சீலைக்கு வெளியே தெரியும் கைகளைப் பற்றிச் சொன்னதும், "அந்தக் கையை நான் வரைந்து பார்க்க வேண்டும், நோட்டும் பென்சிலும் எடுத்து வருகிறேன்" என்றார். ஓர் இரவு அறைக்குப் பதிவு செய்துவிட்டேன். முதல் நாள் காலையில் கல்லா பிளாசிடியா, இரண்டாம் நாள் கிளாசே. ஆலயத்துக்குள் உட்கார்ந்து பென்சிலால் வரைய அனுமதிக்கிறார்களா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.